செவ்வாய்க்கிழமைச் சிற்றம்பலம்

ஒத்தக்கடை,
4-2-1988

அப்பாவுக்கு,

சூடாமணி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இதில் என் குடும்ப விஷயம் கிடையாது, மன்னிப்புக் கேட்கிற விஷயமும் கிடையாது. சிற்றம்பலம் விஷயம் மட்டும்தான்.

"இனிமேல் என் படி ஏறாதே" என்று சொன்னீர்கள். இரண்டு வருஷமாக ஏறவில்லை. தபால்காரர் ஏறுவதற்குத் தடை ஒன்றும் போடவில்லையே?

செவ்வாய்க்கிழமை டி.வி.யில் முதல் வாரம் பார்த்தீர்களா? நீங்கள் டி.வி. வாங்கியது எனக்குத் தெரியும். கொடைக்கானலில் டவர் வந்ததிலிருந்து மதுரையில் யார் மாடியில் ஆன்டெனா முளைத்தாலும் எங்கள் வீட்டுக்குச் சேதி வந்துவிடுகிறது. ஆன்டெனா கட்டுவதுதானே இவருக்குத் தொழில். இவர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் "அந்த மீசைக்காரப் பயல்" என்பீர்கள், ஊரார் முத்திருளன் என்பார்கள்.

நம் சிற்றம்பலத்தை நாடகமாக எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்த அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், கிராம்பை மென்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் முன்னால் போய் "டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்று கை நீட்டுகிறவர். நம் வாடகைப் புத்தகக் கடையில் அவர் நாவல் ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி இருக்கும், மூன்றும் எப்போதும் வெளியே போயிருக்கும். எவனாவது படித்துவிட்டு முதல் பக்கத்திலேயே பென்சிலால் "கொன்னது தம்பிதான்" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பான். நீங்களும் நானும் சாயங்காலம் ரப்பரும் கையுமாக உட்கார்ந்து அந்தப் பாவத்தை அழிப்போம். அடுத்தவன் படித்து முடிக்குமுன் முடிவைச் சொல்லக் கூடாது. நம் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் சட்டப்படி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நடிகரை முதன்முதலாகக் காட்டினார்களே, அப்போது "அடப்பாவிகளா!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்திவிட்டேன். நம் சிற்றம்பலத்துக்கு இப்படி ஒரு அநியாயமா! அது என்ன என்று நீங்களே எழுதுங்கள். நீங்கள் திட்டப் போகிற திட்டைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

சூடாமணி

•

முனிச்சாலை, மதுரை,
13-2-1988

சூடாமணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் ஒன்று. எறும்பின் காலை மையில் நனைத்துப் பேப்பரில் ஓட விட்டாயா? இதுவா கையெழுத்து? இனி எழுதுவதாக இருந்தால் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், இடம் விட்டு எழுது. தாளுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை.

நாடகம் கேட்டேன். பார்த்தேன். பரவாயில்லை. அந்த நடிகனுக்கு நல்ல தொண்டை. அதட்டாமல் பேசுகிறான். கிராம்பைக் கடிக்கிற சத்தத்தைக்கூட விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்கள். நீ எதை அநியாயம் என்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் இருக்கிறபடி ஒருவன் வந்து நிற்பானா? உனக்கு எதிலும் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

நம் பாஷையில் நேரில் திட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்து, காபி குடிக்கப் போயிருப்போம். சௌராஷ்டிரத்தில் வாயால் பேசத் தெரியுமே தவிர எழுத நமக்குப் பழக்கம் ஏது? தமிழில் எழுத உட்கார்ந்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்து விழுகிறது. என்ன செய்ய.

இப்படிக்கு,
கே.ஆர். சௌந்தரராஜன்

•

ஒத்தக்கடை,
18-2-1988

அப்பாவுக்கு,

கொட்டை எழுத்து போதுமா? சினிமா போஸ்டர் எழுதுகிறவள் மாதிரி இருக்கிறேன்.

சொந்த மகளுக்கு இனிஷியலோடு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். "மகளே இல்லை, தலைமுழுகிவிட்டேன்" என்றவர் இந்த மட்டும் எழுதினீர்களே, அதுவே பெரிசு என்று பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

மூன்றாம் வாரத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஊருக்கெல்லாம் படம் வரவழைக்கிறவர் வீட்டில் படம் வரவில்லை. எங்களுக்கும் கொடைக்கானலுக்கும் குறுக்கே யானைமலை படுத்துக்கிடக்கிறது. எவ்வளவு உயரத்துக்குக் குழாய் நட்டாலும் சில நாள் திரை முழுக்கப் பொரிகிறது. என் மாமியார் மாயக்காள் பெட்டி முன்னால் உட்கார்ந்து, "ஏத்தா, உள்ள யாரும் அரிசி பொடைக்கிறாகளா? இம்புட்டு உமி பறக்குது!" என்று கேட்டார்கள். இவர் மொட்டை மாடியில் நின்று குழாயைத் திருப்பத் திருப்ப, நான் கீழிருந்து "வருது, வருது, போச்சு!" என்று கத்த, அதற்குள் நாடகமே முடிந்துவிட்டது.

ஆனாலும் கதை புரிந்தது. கதவு கிறீச்சிட்டது, யாரோ செருமினார், சமையல்காரன் குரல் நடுங்கியது, சிற்றம்பலம் கிராம்பைக் கடித்தார். அவர் கிராம்பைக் கடித்தால் எதிராளி பொய் சொல்கிறான் என்று அர்த்தம் அல்லவா? அதை வைத்தே பிடித்துக்கொண்டேன்.

மாடிப்படியில் அந்த உடைந்த படியைச் சரி செய்தீர்களா? அடுப்பு யார் பற்றவைக்கிறார்கள்? கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

சூடாமணி

•

முனிச்சாலை,
26-2-1988

சூடாமணிக்கு,

அடுப்பு நான்தான் பற்றவைக்கிறேன். பக்கத்துக் காபித்தூள் கடை ராமதாஸ் வீட்டிலிருந்து குழம்பு வருகிறது. அவன் பெண்டாட்டிக்கு உப்பு என்றால் அத்தனை பிரியம்.

கடையைப் பொங்கலோடு மூடிவிட்டேன். டி.வி. வந்த பிறகு எவன் காசு கொடுத்துப் புத்தகம் எடுக்கிறான்? எல்லாரும் பெட்டி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் கெட்டுவிட்டது. நீ அதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

உடைந்த படி உடைந்தபடியே இருக்கும். புதிதாக ஏறுகிறவன் எவனும் அதில் தடுக்கி "ஐயோ" என்று கத்தாமல் மேலே வந்தது கிடையாது. சம்பளம் இல்லாத காவல்காரன் அது. அதைப் போய்ச் சரி செய்வார்களா?

இந்த வாரம் பிரமாதம். மழைச் சத்தத்தோடு ஆரம்பித்தார்கள். குடையை உதறுகிற சத்தம் கேட்டதும் எனக்கு முடி சிலிர்த்துவிட்டது. நகைக்கடைக்காரர் பேசும்போது பின்னால் கடிகாரம் ஓடுகிறது. அவர் பொய் சொன்னதும் கடிகாரச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள், கவனித்தாயா? டைரக்டர் புத்திசாலி. அந்த விதவைப் பெண்ணாக வருகிறவள் மட்டும் சரியில்லை. அழுகிற குரலில் ஈரமே இல்லை.

கே.ஆர். சௌந்தரராஜன்

•

ஒத்தக்கடை,
3-3-1988

அப்பாவுக்கு,

சிற்றம்பலம் வழியில் நானும் ஒரு துப்புத் துலக்கியிருக்கிறேன். கேளுங்கள்.

திரையில் உமி பறந்த வாரம் நான் எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? அதில் கதவு கிறீச்சிட்டது, செருமல் கேட்டது, குரல் நடுங்கியது. நீங்கள் எழுதிய கடிதத்தில் மழைச் சத்தம், குடைச் சத்தம், கடிகாரச் சத்தம். என்ன உடுத்தியிருந்தார்கள், எப்படி நின்றார்கள், யார் யாரைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆக, உங்கள் பெட்டியிலும் உமிதான் பறக்கிறது. எனக்கு ஒரு வாரம், உங்களுக்கு எல்லா வாரமும். காசைக் கொட்டி வாங்கிய டி.வி. ஓடவில்லை என்று சொல்ல ரோஷம் தடுக்கிறது. அப்படித்தானே? டிக்கெட்டைக் காட்டுங்கள்!

இதற்கெல்லாம் வெட்கப்படுவார்களா? ஆன்டெனா காற்றில் திரும்பியிருக்கும். கடையில் சொல்லி ஒரு ஆளை அனுப்புகிறேன். வருகிறவனை விரட்டாதீர்கள். அந்த நடிகரை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வாருங்கள்.

சூடாமணி

•

முனிச்சாலை,
12-3-1988

சூடாமணிக்கு,

உன் துப்பு துருப்பிடித்த துப்பு. ஆள் வந்தான். மொட்டை மாடிக்கு ஏறினான், ஆன்டெனாவை அசைத்துப் பார்த்தான், இறங்கி வந்து பெட்டி முன்னால் நின்றான். "ஐயா, படம் பளிச்சின்னுதானே இருக்கு. ஒரு கொறையும் இல்ல" என்றான். நான்தான் அப்போதே சொல்கிறேனே. என் டி.வி.க்கு ஒரு வியாதியும் இல்லை.

அதிகம் பேசத் தெரியாத ஆள். வந்தவனைச் சும்மா அனுப்பக் கூடாது என்று காபி போட்டுக் கொடுத்தேன். நல்ல டிக்காஷன். குடித்துவிட்டுப் போனான்.

இனி யாரையும் அனுப்ப வேண்டாம். வாரா வாரம் கடிதம் மட்டும் எழுது. எழுத்து இந்த அளவு இருந்தால் போதும்.

கே.ஆர். சௌந்தரராஜன்

•

ஒத்தக்கடை,
17-3-1988

அப்பாவுக்கு,

படம் பளிச்சென்று வருவது தெரிந்து நிம்மதி. என் ஊகம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதாவது சொல்லுங்கள். சிற்றம்பலத்துக்கு இப்படி வழுக்கைத் தலையை வைத்துவிட்டார்களே, உங்களுக்கு ஆத்திரம் வரவில்லையா? புத்தகத்தில் அவர் தலைமுடியைப் பற்றி எத்தனை பக்கம்! முதல் வாரத்திலிருந்து எனக்கு இதுதான் குமைச்சல். உங்கள் அபிப்பிராயம் வேண்டும். மழுப்பக் கூடாது.

சூடாமணி

•

முனிச்சாலை,
23-3-1988

சூடாமணிக்கு,

இதற்காகவா இத்தனை வாரம் குதித்தாய்? ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வழுக்கை விழாமல் குடுமியா முளைக்கும்? என் அபிப்பிராயத்தில் அந்த வழுக்கை அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு கம்பீரம். புத்தகத்தை எழுதினவரே பார்த்திருந்தால் முடியை எடுத்திருப்பார்.

நேற்றைய வாரம் சுமார். வயலின் அதிகம்.

கே.ஆர். சௌந்தரராஜன்

•

ஒத்தக்கடை,
28-3-1988

அப்பா,

அவருக்கு வழுக்கை இல்லை.

தலை நிறைய முடி இருக்கிறது. அவருக்கு இருப்பது மீசை, அப்பா. காது வரைக்கும் முறுக்கிவிட்ட மீசை. ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு சொட்டு ரத்தம் வராமல் முகச்சவரம் செய்கிற நம் சிற்றம்பலத்துக்கு மீசை! முதல் வாரமே நீங்கள் எட்டுப் பக்கம் திட்டி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். மீசை என்றாலே ரவுடி என்று தீர்ப்புச் சொல்லி என்னை வெளியே அனுப்பியவர் நீங்கள். ஒரு வார்த்தை எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த ஆள் யார் தெரியுமா? இவர்தான். நான்தான் அனுப்பினேன். வாசலிலேயே விரட்டுவீர்கள், திட்டு வாங்கிக்கொண்டு ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நீங்கள் இவர் சட்டையைப் பிடித்தீர்களே, அந்த முகம் மறக்குமா? இவர் திரும்பி வந்து சாப்பிடக்கூட உட்காரவில்லை. "சூடாமணி, ஒங்கப்பா என் மூஞ்சிக்கு நேரா நின்னுதான் பேசுனாரு. ஒரு வார்த்தை வையல. வாப்பான்னு கூப்புட்டாரு. காப்பிய மேசையில வைக்கிறேன்னு காத்துல வச்சாரு. நான் டக்குன்னு புடிச்சிட்டேன்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக்கிடக்கிறது. கவரில் விலாசம் உங்கள் கையெழுத்து இல்லை, ராமதாஸ் மாமா கையெழுத்து. கொட்டை எழுத்து, கறுப்பு மை என்று கேட்டது எதற்கு என்று இப்போது தெரிகிறது. அப்படியும் நம்ப மனம் வராமல் அந்த வழுக்கையைப் பொறியாக வைத்தேன். அதில் நீங்கள் விழாமல் இருக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டுதான் தபாலில் போட்டேன்.

உங்களுக்குக் கண் தெரியவில்லை. எத்தனை நாளாக? ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

இவர் கண் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்து வந்தார். புரை என்றால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாம். ரொம்ப முற்றவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பிறகு வெளிச்சம்கூடத் தெரியாமல் போய்விடும் என்கிறார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் ஓடி வந்திருப்பேன். எனக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் இருக்கிறது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா படுக்கையில் போட்டுவிட்டார்கள். குடும்ப விஷயம் எழுதமாட்டேன் என்றேன். எழுதிவிட்டேன்.

இவரை வரச் சொல்லட்டுமா? அந்த ஒரு வார்த்தைதான் உங்களிடம் கேட்கிறேன். என் பிள்ளையின் குரலை மட்டும் கேட்டு, "நல்ல தொண்டை" என்று எழுதிவிடாதீர்கள், அப்பா. என்னால் தாங்க முடியாது.

சூடாமணி

•

முனிச்சாலை,
11-4-1988

சூடாமணிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தேன். எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் படித்தேன். ராமதாஸ் படித்துக் காட்டுகிறேன் என்றான். விலாசம் மட்டும் எழுதச் சொன்னேன். உள்ளே இருப்பதை அவன் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அதன் பிறகு பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. கோபம் என்று நினைத்திருப்பாய். பயம்.

கடையை டி.வி. மூடவில்லை. நான் மூடினேன். திரும்பி வருகிற புத்தகத்தில் பென்சில் எழுத்து கண்ணில் படவில்லை. அழிக்காமலே அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாத்தியார் வந்து கடை வாசலில் நின்று, "என்ன சார், எடுத்த எடுப்பிலேயே கொன்னவன் பேரைப் படிக்கவா உங்ககிட்ட வாரேன்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்த ஒரே சட்டம். அன்றைக்கே பூட்டிவிட்டேன். புத்தகம்தான் கைவிட்டது, வெளிச்சம் வருகிற பெட்டியிலாவது சிற்றம்பலம் தெரிவான் என்று டி.வி. வாங்கினேன். வெளிச்சம் தெரிந்தது. அவன் தெரியவில்லை.

என் அப்பாவுக்கும் புரைதான். எனக்கு அப்போது சின்ன வயசு. யாரோ ஒரு வைத்தியன் வீட்டுக்கே வந்து ஊசியால் குத்தித் தள்ளினான். அப்பா போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இருந்த கொஞ்சம் பார்வையும் போய், சுவரைத் தடவிக்கொண்டே செத்தார். ஆஸ்பத்திரி என்றால் எனக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வருகிறது. இந்தக் காலத்தில் அப்படி இல்லை என்று ராமதாஸ் சொல்கிறான், எல்லாரும் சொல்கிறார்கள். புத்திக்குத் தெரிகிறது, உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது.

மகளைத் துரத்தினவன் கண் போனதும் மகளைக் கூப்பிட்டான் என்று ஊர் சொல்லும். அதுவும் ஒரு காரணம். எழுதவே கூசுகிறது.

இப்போது என் முறை. நீ மட்டும்தான் துப்புத் துலக்குவாய் என்று நினைத்தாயா? அன்றைக்கு வந்த ஆள் யார் என்று அவன் மாடிக்கு வந்து சேருமுன்பே எனக்குத் தெரியும். உடைந்த படியில் அவன் கால் தடுக்கவில்லை. புதிதாக ஏறுகிறவன் தடுக்காமல் இருந்ததே இல்லை என்று உனக்கே எழுதியிருக்கிறேன். இவன் காலை நிதானித்துத் தூக்கி, தாண்டிப் போனான். இரண்டு வருஷமாக இந்தப் படியைப் பற்றி எவள் அவனிடம் பேசியிருப்பாள்? கையும் களவுமாகப் பிடித்தேன். "டிக்கெட்டைக் காட்டு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

சொல்லியிருந்தால் போய்விடுவானே என்று காபி போட்டேன். நல்ல டிக்காஷன் என்று எழுதினேனே, அப்போதாவது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தம்ளர் விழப் போனதைப் பிடித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி குடித்தான். அதைப் பார்க்க எனக்குக் கண் தேவைப்படவில்லை.

வரச் சொல். கடை அனுப்பிய ஆளாக வேண்டாம். மாப்பிள்ளையாக வரச் சொல்.

நீ உப்பைக் குறை. ரத்த அழுத்தம் என்கிறாய்.

சௌந்தரராஜன்

•

ஒத்தக்கடை,
16-4-1988

அப்பா,

உங்கள் கடிதத்தை என் மாமியார் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "படி தாண்டுனத வச்சே கண்டுபுடிச்சாராக்கும்! ஒங்கப்பன் லேசுப்பட்ட ஆளில்லத்தா" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். நான் அழுததற்குத் தனியாகத் திட்டும் கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் இவர் வருவார். வேட்டி, துண்டு, ரசம் சாதத்துக்கு ஒரு தூக்கு எல்லாம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் ஆனாலும் கூடவே இருப்பார். பயமாக இருந்தால் இவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பி முறுக்கிக் காய்த்துப்போன கை, எவ்வளவு இறுக்கினாலும் வலிக்காது.

கடைசி வாரம் ஒளிபரப்பாகிற அன்றைக்கு உங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கும். ஆஸ்பத்திரி ஹாலில் டி.வி. இருக்கிறதாம். இவர் பார்த்து வந்து உங்களுக்குக் கதை சொல்வார். இவர் ஜென்மத்தில் ஒரு துப்பறியும் நாவல் படித்தது கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சட்டத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சூடாமணி

•

முனிச்சாலை,
19-5-1988

சிரஞ்சீவி சூடாமணிக்கு ஆசீர்வாதம்.

உனக்குச் சேதியெல்லாம் அவன் வந்து சொல்லியிருப்பான். ஆனாலும் நான் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. கவரைப் பார். விலாசம் என் கையெழுத்து. சோடாபுட்டிக் கண்ணாடி மூக்கை அழுத்துகிறது, வரி நேராகப் போகிறது. இன்னொரு கண்ணை மழைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்கிறார்கள்.

ஊசியைக் காட்டிய நேரத்தில் எனக்கு என் அப்பாவின் கூச்சல் கேட்டது. எழுந்து ஓடியிருப்பேன். கட்டை விரலை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன், முழுக் கையையும் கொடுத்துவிட்டான். உள்ளே விடமாட்டோம் என்கிற கதவு வரைக்கும் கூடவே வந்தான். "ஐயா, நான் இங்கனதான் நிக்கிறேன். எங்கயும் போகல" என்றான். மயக்கம் தெளிந்து கூப்பிட்டபோது அங்கேதான் நின்றான்.

கடைசி வாரத்தைச் சொன்னான் பார், அதை நீ கேட்டிருக்க வேண்டும். ஹாலில் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஐயா, அந்தாளு மெதுவா நடந்து வாராரு. சட்டைப் பையிலருந்து ஒரு கிராம்ப எடுக்குறாரு. எல்லாரும் வட்டமா நிக்கிறாக. அந்தப் பொம்பளப்பிள்ளைக்கு வேர்க்குது. ஒருத்தன் மட்டும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நெகத்தக் கடிக்கிறான்" என்று அவன் சொல்லச் சொல்ல, பன்னிரண்டு வாரமும் சத்தமாக மட்டும் கேட்ட நாடகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் கட்டுப் போட்ட கண்ணோடு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிற்றம்பலம் கையை நீட்டினார் என்றான். யார் முன்னால்? வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லித் தொலையேன்டா!" என்றேன்.

"சூடாமணி சத்தியம் வாங்கிருக்குங்கய்யா. அத மட்டும் சொல்ல மாட்டேன்."

"எனக்குப் புத்தகமே மனப்பாடம், கொன்றவன் யார் என்று உன் பெண்டாட்டி பிறக்குமுன்பே தெரியும்" என்று கத்தினேன். "அது புத்தகம்ங்கய்யா. இது வேற" என்றான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வைதுவிட்டுப் போனாள். கட்டில்காரர்கள் அத்தனை பேரும் கெஞ்சியும் சொல்லவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது. நீ வந்து சொல்.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. பிறகு அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அது மெல்ல மெல்ல மீசையாயிற்று. மீசைக்கு மேலே இரண்டு கண், என்னைவிடப் பயந்துபோன கண். "ஐயா, தெரியுதா?" என்று கேட்கிறான். ரிஜிஸ்தர் ஆபீஸில் நான் பார்த்தபோது அந்த மீசை இவ்வளவு சின்னதாக இல்லை. இத்தனை நாள் நான்தான் அதை வளர்த்துவிட்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வாசலில் டாக்சி வந்து நிற்கும். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று உன் மாமியாரிடம் ஆள் விட்டுப் பேசிவிட்டேன், அவர்களும் கூட வருகிறார்கள். உங்கள் டாக்டரம்மாவும் காரில் மெதுவாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ராமதாஸ் பெண்டாட்டி உனக்காக உப்பில்லாமல் சமைப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

நிறைமாதத்தில் தடுக்கிவிடக் கூடாது என்று முந்தாநாள் கொத்தனாரை வைத்து அந்த உடைந்த படியைப் பூசியாயிற்று. சிமெண்டு காய்ந்துவிட்டது. நானே மிதித்துப் பார்த்தேன். ஏறி வா.

அப்பா